குவாய் நோய்

மாரித்தாயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று கேட்டால் ஒழுங்கான பதிலும் கிடையாது. ஒருத்தன் மேல் முழுசாகக் கோபப்பட முடிந்திருந்தால் எனக்கு எப்போதோ ஆறிப்போயிருக்கும். இதில் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட வேண்டியிருக்கிறது.

மூணாறில், மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், கீழ் லயத்தில், கடைசி வீடு அவளுடையது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிற கட்டிடம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அப்படி ஒட்டிக்கொண்டு வாழ்கிற இடத்தில், மாரித்தாய் வீட்டுக்கு அடுத்த வீடு மட்டும் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தது. புதிதாக வருகிறவர்கள் அதில் சாமானை இறக்குவார்கள். யாராவது வந்து காதில் ஏதோ சொல்வார்கள். மறுநாள் காலையில் வேறு வீடு கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். கடைசியில் நானும் என் பெண்டாட்டி நாச்சம்மாளும் அந்த வீட்டுக்கு வந்தோம். நான் எஸ்டேட் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் ரோட்டில் கிடக்கிறவனுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருந்தால் என்ன என்று வந்துவிட்டோம்.

எங்கள் காதிலும் வந்து சொன்னார்கள். மாரித்தாயின் புருஷன் குருசாமி குவாய் நோயில் செத்தவன், ஜாக்கிரதை என்றார்கள்.

அவன் கதையை மாரித்தாயே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். குருசாமி சின்ன வயதிலேயே மலேயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன். நாற்பதாம் வருடம் ஊருக்கு வந்து மாரித்தாயைக் கட்டினான். ஒரு வருடம் போல இருந்துவிட்டு, ஆறு மாசத்தில் உன்னையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று கப்பல் ஏறினான். போகும்போது மகள் முத்துப்பேச்சி அவள் வயிற்றில் இருந்தாள். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் ஜப்பான்காரன் மலேயாவுக்குள் புகுந்துவிட்டான். கப்பல் நின்றது. சண்டை முடிகிறவரை அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நாற்பத்தாறில், ஓர் ஆடி மாதப் பகலில், எலும்பும் தோலுமாக ஒரு ஆள் விசாரித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றான். பேச்சு கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பேர் காளிச்சாமி, பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளி என்று சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"உங்க ஊட்டுக்காரரு குவாய் நோயில போய்ச் சேந்துட்டாருங்க."

மாரித்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குவாய் நோய் என்றால் என்ன நோய் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த நோயென்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். வந்தவனும் அதே இடத்திலிருந்து வந்தவன்தானே என்று அவனை அப்போதே ஊர் எல்லைக்கு விரட்டினார்கள். குருசாமி விட்டுப்போன தகரப்பெட்டியை எரிக்கச் சொன்னார்கள். கிட்டே வராமல், தள்ளி நின்றுகொண்டு சொன்னார்கள். அதில் அவனுடைய இரண்டு சட்டையும், கல்யாணம் ஆன புதிதில் சங்கரன்கோவிலில் எடுத்த போட்டோவும் இருந்தன. மாரித்தாய் தன் கையாலேயே நெருப்பு வைத்தாள்.

சாவு விழுந்த வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடத் துட்டிக்கு வராமல் இருக்க மாட்டான். மாரித்தாயிடம் ஒருத்தரும் துட்டி கேட்கவில்லை. அவளைப் பெற்ற வீட்டுச் சனமே தெருமுனை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் எப்படி அழுவது? அவள் அழவில்லை. நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு மலை ஏறிவிட்டாள்.

மலைக்கு வந்தபோது அது வெறும் பேர் தெரியாத நோயாகத்தான் இருந்தது. அதை அசிங்கமான நோயாக்கியது எங்கள் டிஸ்பென்சரியில் முன்பு இருந்த கம்பவுண்டர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாரித்தாய் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அவர் மலையாளி. பிள்ளையின் அப்பன் எந்த ரோகத்தில் மரித்தான் என்று கேட்டார். இவள் குவாய் நோய் என்றாள். அவர் காதில் அது எப்படி விழுந்ததோ, "குஹ்யரோகமோ?" என்றார். நோய்க்குத்தான் மலையாளத்தில் ரோகம் என்கிறார்கள், அவர் தன் பாஷையில் அதையே கேட்கிறார் என்று இவள் நினைத்துவிட்டாள். "ஆமாங்கய்யா, அதேதான்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள். குஹ்யரோகம் என்றால் ஆண்பிள்ளை போகக்கூடாத இடத்துக்குப் போய், காட்டக்கூடாத இடத்தில் வாங்கிக்கொண்டு வருகிற நோய். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மலையாளம் தெரியும். அவளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிவதற்கு முன்பே எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு முத்துப்பேச்சிக்கு வந்த மாப்பிள்ளையெல்லாம் லயத்து வாசல் வரைக்கும்தான் வந்தார்கள். சிலர் பூவும் பழமும் தட்டிலேயே இருக்கத் திரும்பினார்கள். ஒரு வீட்டார் முகூர்த்த நாள்வரை பார்த்துவிட்டு, பெண்ணை மூணாறுக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள். முத்துப்பேச்சி போனாள். ரத்தம் நல்ல ரத்தம் என்று வந்தது. "இப்ப தெரியாது, பிள்ளை பெத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர்களும் போய்விட்டார்கள். அவளுக்கு முப்பது தாண்டியது. மாரித்தாய் மட்டும் விடவில்லை. மகள் கழுத்தில் ஒரு தாலி ஏறாமல் தான் கண்ணை மூடப்போவதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

எழுபத்து நாலில் சங்கையா வந்தான். மாட்டுப்பட்டி மாட்டுப்பண்ணையில் வேலை. முதல் பெண்டாட்டி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் முத்துப்பேச்சியைப் பார்த்துவிட்டுத் தானாகவே பெண் கேட்டுவிட்டான். நல்லவன்தான். அவனுக்கு ஒரு அக்கா உண்டு, பேர் சந்தனம். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள். அவள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவள் நேராக மாரித்தாய் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினாள்.

"ஊருக்குள்ள ஆயிரம் சொல்லுதாக. எனக்கு அது வேண்டாம். அது என்ன நோய்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து சொல்லட்டும். தொத்துமா, பரம்பரையா வருமா, அதச் சொல்லட்டும். பொறவு தாம்பூலம் மாத்துவோம்."

நியாயமான பேச்சு. எனக்கு அன்றைக்கு அவள் மேல் மரியாதைகூட வந்தது. கொடுத்த மரியாதையைப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

மாரித்தாய் அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நீ சாமான் ஏத்தக் கஞ்சிக்கோட்டுக்குப் போவேல்லா? எலப்புள்ளி அங்கனதான இருக்கு? என்னயக் கொண்டுபோய் விடு. அந்தக் காளிச்சாமி உசிரோட இருந்தா நான் அவருட்ட ஒண்ணு கேக்கணும்."

ஊர் வாய்க்குப் பயந்து நாச்சம்மாளையும் லாரியில் ஏற்றிக்கொண்டேன். மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை என்று போனோம். எலப்புள்ளியில் ஒரு கடையில் காளிச்சாமி என்று கேட்டதும், "சயாமுக்காரர் ஊடுங்களா?" என்று கைகாட்டிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடமும் அந்த ஆள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஒரு பஸ் தூரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நின்றார். அறுபதை ஒட்டிய வயது. எங்களைப் பார்த்து யாரென்று தெரியாமல், "வாங்க, ஏனுங்க, யாரு வேணுமுங்க?" என்றார். மாரித்தாய் குருசாமி பேரைச் சொன்னாள். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கரிசக்காட்டு ஊரு. ஞாபகம் இருக்குதுங்கம்மா. குடிக்கத் தண்ணி கேட்டனுங்க, எட்ட நின்னு கையில ஊத்துனாங்க."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றாள் மாரித்தாய். "பொய் சொல்லாமச் சொல்லணும். அந்தக் குவாய் நோய் எப்படி வரும்? பொம்பளையால வருமா?"

"எந்த நோயிங்க?"

"குவாய் நோய்."

அவர் என்னைப் பார்த்தார். நாச்சம்மாளைப் பார்த்தார். கிண்டல் செய்கிறோமோ என்று நினைத்திருப்பார்.

"அது நோயில்லீங்கம்மா. ஆறுங்க."

"எது ஆறு?"

"குவாய் நோய்ங்கறது ஆத்தோட பேருங்க. சயாம் தேசத்துல ஓடற ஆறு. அந்த ஆத்தங்கரையிலதான் எங்களை வெச்சிருந்தாங்க. இங்க கோரையாறு, வாளையாறுன்னு சொல்றமில்லீங்க, அங்க அது குவாய் நோயிங்க."

மாரித்தாய்க்கு முதலில் புரியவில்லை. நாச்சம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மாரித்தாய் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆறா? ஆறுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா உம்ம வாய் வெந்தா போயிரும்? எம்புருசன் துணிமணியெல்லாம் எரிச்சேனே! அவரு போட்டோவ எரிச்சேனே! எம்மக கழுத்து மொட்டையா நிக்கே! ஆத்துலன்னு சொல்லக்கூடாதா வே, ஆத்துலன்னு!"

காளிச்சாமி கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வருசம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சமுங்க. அதுலதான் குளிச்சம். அத ஆறுன்னு தனியாச் சொல்லோணும்னே தோணலீங்க. காவேரியில போயிட்டான்னா, காவேரி ஆத்துலன்னா சொல்றம்? இன்னும் சொல்லோணும்னுதான் வந்தனுங்க. அதுக்குள்ள உங்க ஊர்க்காரங்க கல்லெடுத்துட்டாங்க. எதுக்குத் தொரத்தறாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

அது தெரிந்திருந்தால் நின்று சொல்லியிருப்பார். ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அவரே விளக்கியிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் பெண்டாட்டி மருதாத்தாள் வந்து மாரித்தாயைப் பிடித்து மரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும் மாரித்தாய், "அந்த ஆறு எங்க இருக்கு? எனக்குக் காட்டும்" என்றாள், ஏதோ அடுத்த ஊரில் ஓடுவது போல. காளிச்சாமி மண்வெட்டியை எடுத்தார். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் இரண்டு கோடு வெட்டி ஒரு இடத்தில் சேர்த்தார். தண்ணீர் இரண்டிலும் ஓடி வந்து ஒன்றானது.

"இது பெரிய குவாய். இது சின்னக் குவாய். வாளையாறு கோரையாத்துல உழுகறாப்புல, ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு ஊரு, பேரு காஞ்சனபுரிங்க. பேரக் கேட்டாக் கோயிலூரு மாதிரி இருக்குமுங்க. அங்கிருந்து ஒரே ஆறாக் கடலுக்குப் போகுது. நோய்னா அவங்க பாசையில சின்னதுன்னு அர்த்தமுங்க."

"சின்னதா?" என்றாள் மாரித்தாய். அவள் சிரித்த சிரிப்பை நான் மறுபடியும் பார்க்க விரும்பவில்லை.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டோம். ஜப்பான்காரன் பர்மாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் கப்பலை மூழ்கடிக்கிறார்கள் என்று, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே ரயில் ரோடு போடத் துணிந்தான். சின்னக் குவாய் பர்மா எல்லை மலையில் பிறந்து வருகிற ஆறு. அந்த ஆறு வெட்டி வைத்த பள்ளத்தாக்கைத் தவிர அந்தக் காட்டுக்குள் போக வேறு வழி கிடையாது. அதனால் ரயில் ரோடு ஆற்றை ஒட்டியே மேலே ஏறியது. சில இடத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு; பாறையில் மரத்தை முட்டுக்கொடுத்து அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள். மலேயாத் தோட்டங்களில் வேலையில்லாமல் பட்டினி கிடந்த தமிழர்களை, மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொல்லிச் சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோனார்கள். குருசாமியும் காளிச்சாமியும் ஒரே பெட்டியில் போனவர்கள்.

அரிசி ஆற்று வழியாகப் படகில் வந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் படகு மேலே ஏறாது, அரிசி இருக்காது. அந்த மழையில்தான் வாந்திபேதி வந்தது. மேலே இருந்த கூடாரத்தில் ஒருத்தன் செத்தால் அந்த நோய் தண்ணீரோடு கீழ்க் கூடாரத்துக்கு வந்துவிடும். கொதிக்கவைத்துக் குடிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள்.

"அப்போ எங்க வீட்டுக்காரரு ஆத்துல முங்கலையா?"

"இல்லீங்கம்மா. வாந்திபேதிங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மூங்கில் அடுக்கி நானேதான் தீ வெச்சனுங்க."

மாரித்தாய் சேற்றில் ஓடிய அந்தச் சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு மாசத்துல கூப்பிடுதேன்னு போனாரு" என்றாள். "ஆறு அவரக் கூப்பிட்டுக்கிடுச்சு."

மலைக்கு வந்து நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று நான்தான் கேட்டேன். காளிச்சாமி உடனே வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். "என் வாயால வந்த வெனைங்க, என் வாயாலயே போகட்டும்" என்றார். மறையூர் ஏற்றத்தில் நான் அவரிடம் மெதுவாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். வாந்திபேதி, நோய் என்று வாயில் எதுவுமே வரவேண்டாம், ஆற்றில் மூழ்கிச் செத்தார் என்று ஒரே போடாகப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்துவிடும் என்றேன்.

"அன்னிக்குக் கொறச்சுச் சொன்னனுங்க. அதுக்கே இத்தனை. இன்னிக்கு மாத்திச் சொன்னா அது எங்க போயி நிக்குமோங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கியரை ஓங்கித் தள்ளி வண்டியை ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரித்தாய் வீட்டில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சந்தனம், அவள் சனத்தில் இரண்டு பேர், சங்கையா. வாசலில் லயத்துக் கூட்டம். காளிச்சாமி எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னார். தரையில் விரலால் ஆற்றைக்கூட வரைந்து காட்டினார். சந்தனம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆத்துக்கு யாராச்சும் நோய்னு பேரு வைப்பாகளா?"

"அவங்க பாசைங்க அது. சின்னதுன்னு அர்த்தமுங்க."

"சரி, ஆறுன்னே வச்சுக்கிடுவோம். அந்த ஆத்துல முங்கிச் செத்தாரா?"

நான் காளிச்சாமியையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. வாந்திபேதிங்க."

"வாந்திபேதி நோய்தான?"

"நோய்தானுங்க. ஆனா…"

"என்ன ஆனா? நோயில செத்தாருன்னு ஊரு சொல்லிச்சு. இல்ல, அது ஆறுன்னு கூட்டிட்டு வந்தீக. இப்ப அவரே நோய்தான்னு சொல்லுதாரு. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாந்திபேதி வராத ஊர் எது, உங்கள் தாத்தா பாட்டியில் ஒருத்தர்கூட வாந்திபேதியில் சாகவில்லையா என்று கத்தினேன். சந்தனம் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கோவப்படாதீக. எனக்கு வெளங்குது. ஆனா நாளைக்கு எங்க சனம் கேட்டா நான் யாருக்குன்னு ஆத்த வரைஞ்சு காட்ட? நோய்ங்கிற பேச்சு இருக்க வீட்டுச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

புரிகிறதாம். புரிந்துகொண்டே எழுந்து போகிறவளை என்ன செய்ய முடியும்? சங்கையா அவ்வளவு நேரமும் பாயின் ஓரத்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அக்கா எழுந்ததும் அவனும் எழுந்தான். வைத்த காப்பி அப்படியே ஆடை கட்டிப்போய் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு முத்துப்பேச்சி உள்ளே இருந்து வந்தாள். அவள் அந்தப் பேச்சு எதையுமே காதில் வாங்காதவள் போலக் காளிச்சாமி எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா மொகம் எப்படி இருக்கும்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மொகம் ஞாபகம் வரமாட்டீங்குது அம்மிணி. அங்க எல்லாத்துக்கும் ஒரே மொகமுங்க. கண்ணும் பல்லுந்தான் தெரியும். எனக்கே என் மொகம் எப்படி இருந்துதுன்னு தெரியாதுங்க."

மாரித்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்தில், காளிச்சாமியை ஊருக்குக் கொண்டுபோக லாரியை லயத்து முன்னால், இன்ஜினை அணைக்காமல், நிறுத்தியிருந்தேன். பனி விலகவில்லை. முத்துப்பேச்சி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்போது கீழே இருந்து சங்கையா மூச்சு வாங்க ஏறி வந்தான். அவனைப் பார்த்ததும் மாரித்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான்.

"அக்கா பேசுனத மனசுல வச்சுக்கிடாத" என்றான் முத்துப்பேச்சியிடம். "அந்தப் பெரியவர் சொன்னத நான் நம்புதேன். அக்காவ மெல்லப் பேசிச் சரிக்கட்டிக்கிடலாம்."

"நேத்தே நம்புனீகளா?" என்றாள் அவள்.

"நேத்தே நம்புனேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"அக்கா முன்னால எப்படி… சபையில…"

முத்துப்பேச்சி லாரிப் படியில் கால் வைத்திருந்த காளிச்சாமியைக் காட்டினாள். "இவரு ஆறுங்கிற ஒரு வார்த்தையச் சொல்லாம விட்டுட்டாரு. தெரியாமத்தான் விட்டாரு. அதுக்கே எங்கம்மா ஆயுசு போச்சு. நீங்க தெரிஞ்சே விட்டிருக்கீக. போயிட்டு வாங்க."

அவன் நின்றான். இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று எல்லாரும் பார்த்தோம். தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

மாரித்தாய் மகள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கூடையில்தான் பட்டது. "ஏட்டி கிறுக்கச்சி! வாசல் தேடி வந்தவனப் போகச் சொல்லுதியே! இதுக்காகவாட்டி நான் அம்புட்டுத் தூரம் போனேன்?" என்று கத்தினாள். முத்துப்பேச்சி சொன்னது சரி. அது சரிதான் என்று மாரித்தாய்க்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது, எனக்கும் எரிந்தது. ஊர் ஊராக ஓடி, ஆற்றையே கொண்டுவந்து வீட்டில் வைத்தும், ஒரு காரியமும் ஆகாமல் போய்விட்டதே என்று எனக்கு லாரிச் சக்கரத்தை உதைக்கத்தான் தோன்றியது.

காளிச்சாமி படியிலிருந்து காலை எடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாரித்தாய் வீட்டு வாசலுக்கு நடந்துபோய், அன்றைக்குக் கரிசல்காட்டிலும் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது, தலையைக் குனிந்து கைகூப்பி நின்றார்.

"அம்மா, உங்க ஊட்டுக்காரரு குருசாமி, சயாம் தேசத்துல, குவாய் நோய்ங்கற ஆத்தங்கரையில, வாந்திபேதி வந்து செத்துப்போயிட்டாருங்க. நான் பக்கத்துல இருந்தனுங்க. நாந்தான் கொள்ளி வெச்சனுங்க."

மாரித்தாய் அவரைப் பார்த்தாள். "இன்னொரு தரம் சொல்லும்" என்றாள்.

அவர் சொன்னார். ஆற்றங்கரையில் என்ற இடத்தில் சத்தமாகச் சொன்னார்.

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துப் போட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு அவன் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நேற்றுச் செத்த புருஷனுக்கு அழுகிற அழுகை. அந்தச் சத்தத்துக்கு லயத்தில் எல்லாக் கதவும் திறந்தன. எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தர்கூட இறங்கி வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள், பாவிகள்.

நாச்சம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். குடத்தை ரோட்டிலேயே இறக்கி வைத்தாள். நேராகப் போய் மாரித்தாய் எதிரில் உட்கார்ந்து, அவளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தானும் சத்தம் போட்டு அழுதாள்.

நான் லாரி இன்ஜினை அணைத்தேன்.